முப்பத்திரண்டாவது டோக்கன்

தீவுக்குச் சென்றவர்கள் முப்பத்திரண்டு பேர். திரும்பிக் கரையேறியவர்கள் முப்பத்தொருவர். ஆயினும், சூப்பர்வைசர் சுப்பராயனின் தகர டப்பாவில் டோக்கன்கள் முப்பத்திரண்டும் குறைவின்றிக் கிடந்தன. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்தவன் உலகத்தில் தான் ஒருவனே என்று டெனிசன் மூன்று நாள்கள் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒரகடத்துக்கு அருகே, மோட்டார் வண்டிகளுக்கான தகட்டு உதிரிப்பாகங்களை அச்சில் அழுத்தி எடுக்கும் சிறிய தொழிற்சாலையில் அவன் வேலை பார்த்தான். ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர்களை எங்கேனும் உல்லாசப் பயணம் அழைத்துச் செல்வது அங்கே வழக்கம். மகாபலிபுரமும் வண்டலூரும் எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தன. ஆகவே, தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பிப்ரவரியில், மன்னார் வளைகுடாவின் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஒரு தீவைக் காணச் செல்வதென்று முடிவாயிற்று. அதற்கான அனுமதிக் கடிதத்துக்கு அலைந்தவரும், பேருந்து பேசியவரும், கடற்கரை ஊரான மண்டபத்தில் படகுக்கு ஏற்பாடு செய்தவரும் சுப்பராயனே. ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் மீதமிருந்த அந்த மனிதர், ஒரு திருகாணி குறைந்தாலும் சாப்பிடாமல் தேடுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபத்துக் கடற்கரையில் அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே, தொழிற்சாலை வாயிற்பலகையில் தொங்கும் பித்தளை டோக்கன்கள் அத்தனையும் இருந்தன. காலையில் அவனவன் தன் எண்ணுள்ள டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டால்தான் அன்றைய வருகை பதிவாகும்.

"ஆளை எண்ணினா ஒருத்தன் ரெண்டு தபா வருவான், ஒருத்தன் வரவே மாட்டான். டோக்கன் அப்பிடி ஏமாத்தாது. இப்ப ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கோங்க. தீவுலேர்ந்து திரும்பிப் படகு ஏறும்போது இதுல போடணும்" என்றார் அவர்.

"கடலுக்குள்ளயும் ஷிப்ட்டா சார்? அப்ப ஓ.டி. உண்டா?" என்று ரகு கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சுப்பராயனும் சிரிப்பை மறைக்கக் குனிந்து டோக்கன்களைத் துழாவினார்.

ரகு டெனிசனின் உற்ற நண்பன். அடுத்தடுத்த அச்சு இயந்திரங்களில் நிற்பவர்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரகுவின் தாயார் கங்கம்மாள் எழுந்து நடமாட இயலாமல் படுக்கையில் இருந்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டுப் புறப்படுவதற்குள் ரகு பேருந்தைத் தவறவிடுவான். ஆகையால், நான்கு ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு நாளேனும் அவனுடைய டோக்கனையும் டெனிசனே பெட்டியில் போட்டுவந்தான். அரைமணி கழித்து ரகு பின்பக்க வேலி வழியாக உள்ளே வந்து தன் இயந்திரத்தின் முன் நிற்பான். வெளியே தெரிந்தால் இருவருக்கும் வேலை நிலைக்காது. இந்தப் பயணத்துக்குத் தாயாரை அண்டைவீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு ரகு வந்திருந்தான்.

தீவில் இறங்கியதும் வனக்காவலர் ஒருவர் அவர்களை நிழலில் நிறுத்தி விதிகளைச் சொன்னார். பவளப் பாறைமேல் ஏறக்கூடாது. சிப்பி ஒன்றைக்கூட எடுத்துச் செல்லக்கூடாது. விசில் கேட்டவுடன் படகுக்குத் திரும்பிவிட வேண்டும்.

"தண்ணிக்குள்ள காலத் தூக்கித் தூக்கி வைக்காதிய. தேச்சே நடங்க. மணலுக்குள்ள திருக்கை கெடக்கும். தேச்சு நடந்தா அதுவா விலகிப் போயிரும், மிதிச்சா வாலால அடிச்சிரும்" என்றும் எச்சரித்தார்.

நாளெல்லாம் தகட்டின் இரைச்சலில் நிற்பவர்களுக்கு அந்த அமைதியே ஒரு விருந்தாக இருந்தது. சிலர் ஆழமில்லாத நீரில் நீந்தினார்கள். சிலர் காவலரின் தொலைநோக்கியை வாங்கி, மணல் திட்டில் ஒற்றைக்காலில் நின்ற பூநாரைகளைப் பார்த்தார்கள். அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டிகள் சில அங்கே இருந்தன. இடுப்பளவு நீரில் நின்று பெட்டியை மேற்பரப்பில் அழுத்திக் குனிந்தால், கடலின் தரை கைக்கெட்டும் தொலைவில் தெரியும். டெனிசனும் பார்த்தான். மான்கொம்புபோல் கிளைத்த பவளமும், அதன் இடுக்குகளில் நுழைந்து வெளிப்படும் மஞ்சள் மீன்களும் அவனை மூச்சுவிட மறக்கச் செய்தன.

ரகுவுக்கோ அந்தப் பெட்டியை விட்டுப் பிரிய மனமே இல்லை. சட்டையைக் கழற்றி ஒரு புதரின்மேல் போட்டுவிட்டு டெனிசனிடம் வந்தான்.

"டேய், இந்த டோக்கன வெச்சிக்கோ. டவுசர்ல ஜோபி இல்ல. தண்ணியில பூட்டா சுப்பராயன் என்னை இங்கியே குந்தவெச்சித் தேட வுட்டுடுவாரு."

பெட்டியை அணைத்துக்கொண்டு தீவின் மறுபக்கம் நோக்கி அவன் நடந்தான்.

ஒரு மணிக்கு விசில் ஊதப்பட்டது. முண்டியடித்து ஏறியவர்களும் காவலருமாக முதற்படகு நிறைந்து புறப்பட்டது. இரண்டாம் படகின் அருகில் சுப்பராயன் டப்பாவுடன் நின்றார். வரிசையில் நின்ற டெனிசன், புதரின்மேல் ரகுவின் கட்டம் போட்ட சட்டை கிடப்பதைக் கண்டான். 'சொக்கா இல்லாமலே முதல் படகுல ஏறிட்டான் பாரு' என்று நினைத்து, அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். ரகுவின் டோக்கன் தன்னிடம் இருப்பதும் நினைவுக்கு வந்தது. ஒன்று குறைந்தால் சுப்பராயன் படகை நிறுத்திவிடுவார். கரையில் பிரியாணிப் பொட்டலங்கள் காத்திருந்தன. பசி வயிற்றைக் கிள்ளியது. திரும்பி ஒருமுறை தீவைப் பார்த்திருந்தால் போதும். அவன் பார்க்கவில்லை. கை தன் பழக்கப்படி இரண்டு டோக்கன்களையும் டப்பாவில் போட்டது.

கரையில் எல்லோரும் உண்டு முடித்தபின் ஒரு பொட்டலம் மிஞ்சியது.

"ரகுவா? அவன் உன்கூடத்தான் கீறான்னு நெனச்சோம்" என்றார்கள் முதற்படகில் வந்தவர்கள்.

சுப்பராயன் மணலில் அமர்ந்து டோக்கன்களை மூன்றுமுறை எண்ணினார். மூன்றுமுறையும் முப்பத்திரண்டு. டெனிசன் அவர் அருகில் போனான். வாயைத் திறந்தான், அதற்குள் நாலாபக்கத்திலிருந்தும், "பித்தளைய எண்ணிகினு ஆள வுட்டுட்டு வந்துட்டியே சார்" என்று கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலுக்கு மேலாகத் தன் குரலை உயர்த்த அவனுக்குத் துணிவு வரவில்லை. சொல்லவேண்டிய அந்த ஒரு கணம் கழிந்தது. அடுத்த கணம் சொல்வது அதைவிடக் கடினமாயிற்று.

படகோட்டியைத் தேடிப்பிடித்து, டீசல் ஊற்றித் தீவை அடைய மாலை நான்கரை ஆகிவிட்டது. மறுபக்கத்தில், நீர் சூழ்ந்த ஒரு பாறையின்மேல், முதுகு முழுதும் வெயிலில் வெந்து, கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்தபடி ரகு அமர்ந்திருந்தான். விசில் அவனுக்கு எட்டவில்லை; படகுகள் போவதைக் கண்டு பதறி நீரில் ஓடியிருக்கிறான். காலைத் தேய்த்து நடக்க அப்போது யாருக்குத் தோன்றும்? திருக்கை அடித்திருந்தது. முழங்கால்வரை வீங்கியிருந்த அந்தக் காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு டெனிசன் படகில் வந்தான். இராமநாதபுரம் மருத்துவமனையில் திருக்கையின் வால்முள் துண்டை எடுத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை, சுப்பராயனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து மேலாளர் பலராமன் ஆணையிட்டார். வியாழக்கிழமை விசாரணை என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. குற்றம் உறுதியானால் வேலைநீக்கம். முப்பது ஆண்டு உழைப்பின்மேல் அந்தச் சொல் விழும்.

மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். படப்பைத் தேவாலயத்தில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு முழந்தாளிட்டிருந்த டெனிசனுக்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அவரிடம் சொல்வது எளிது. ஆனால் சொல்லவேண்டிய இடம் அதுவன்று என்பதையும் அவன் அறிந்திருந்தான். துவைத்து மடித்த சட்டையை எடுத்துக்கொண்டு நேரே ரகுவின் வீட்டுக்குப் போனான்.

"இன்னாடா, நெத்தியில சாம்பலோட வர? எனுக்கு இன்னும் உசுரு கீதுடா" என்றான் ரகு, பாயில் படுத்தவாறே. உள்ளறையில் கங்கம்மாள் இருமும் ஓசை கேட்டது.

"ரகு, அந்த டோக்கன்..."

"நீதான் போட்ட. பாறை மேல குந்திகினு யோசிக்க எனுக்கு எவ்ளோ நேரம் இருந்துது தெரியுமா? மொதல்ல உன்னை வெட்டிப்போடணும்னு தோணுச்சி. அப்பறம், தெனம் எனுக்கோசரம் போடற கைதானே, அது பாட்டுக்குப் போட்டுடுச்சின்னு வுட்டுட்டேன்."

டெனிசன் தலை குனிந்தான். "நாளைக்கு விசாரணையில சொல்லிடறேன்டா."

"சொல்லிட்டு? இன்னாத்துக்குடா அவன் டோக்கன நீ போட்டன்னு கேப்பான் பலராமன். நாலு வருசக் கதையும் வெளிய வரும். நானு வேலைய வுட்டுட்டு இந்தக் கால வெச்சிகினு அம்மாவுக்கு எங்கேர்ந்து கஞ்சி ஊத்தறது? வாய மூடிகினு இரு."

"சுப்பராயன் சாரு..."

ரகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவரு பெரிய மனுசன். தாங்குவாரு" என்றான். அவன் குரலில் அத்தனை உறுதி இல்லை.

அன்று மாலை டெனிசன் சேரப்பணஞ்சேரியில் சுப்பராயனின் வீட்டு வாசலில் நின்றான். அவருடைய மனைவி சந்திரம்மாள் கதவைத் திறந்து, "உள்ள வாப்பா, எழுதிகினே கீறாரு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கல" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். சுப்பராயன் மேசையின்முன் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அடித்துத் திருத்திய தாள்கள் சுற்றிலும் கிடந்தன. டெனிசன் நின்றவாறே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

சுப்பராயன் பேனாவை மூடினார்.

"ஒக்காரு, டெனிசா. ரெண்டு விழுந்தத நான் பாத்தேன்."

டெனிசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"டப்பா என் கையிலதானே இருந்துது? ஒரு கை நீட்டுச்சி, ரெண்டு விழுந்துது. தலையத் தூக்கி, ஒம்பின்னாடி ரகு நிக்கறானான்னு பாத்திருக்கணும். பாக்கல. டைம் ஆபீஸ்ல, டோக்கன் பெட்டிகிட்ட, நாலு வருசமா அப்பிடித்தானே பாக்காம இருக்கேன்? அவன் அம்மா நெலம எனக்குத் தெரியாதா? பாக்காம இருந்து இருந்து, பாக்க வேண்டிய எடத்துலயும் கண்ணு தானா கீழ போயிடுச்சி."

"சார், நான் நாளைக்கு..."

"நீ ஒண்ணும் பேசாத. நீ பேசினா மூணு பேருக்கும் வேலை போவும். நான் பேசாம இருந்தா எனக்கு ஒருத்தனுக்குத்தான். நான் எப்படியும் ரெண்டு வருசத்துல வூட்டுக்கு வரவேண்டியவன். காப்பி சாப்டுட்டுப் போ."

காப்பியைக் குடித்துவிட்டு அவன் சாலைக்கு வந்தான். நெஞ்சிலிருந்து ஒரு பெரும் பாரம் இறங்கியிருந்தது. நாளைய ஷிப்ட்டுக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கத் தொடங்கினான். அப்படி நினைத்ததை உணர்ந்த மாத்திரத்தில், நடுச்சாலையில் அறை வாங்கியவன்போல் நின்றுவிட்டான். ரகுவைத் தீவில் விட்டுவந்தது கவனமின்மை. இந்த நிம்மதியை என்னவென்று சொல்வது?

வியாழக்கிழமை, மேலாளர் அறையில் தட்டச்சுச் செய்த தாள் ஒன்று மேசைமீது இருந்தது. 'சூப்பர்வைசர் ஆள்களைப் பாராமல் டோக்கன்களை மட்டும் எண்ணிப் படகை எடுக்கச் சொன்னார்' என்று அதில் கண்டிருந்தது. பத்துப்பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். சுப்பராயன் சுவரோரம் ஒரு நாற்காலியில் கைகளை முழங்கால்மேல் வைத்து அமர்ந்திருந்தார்.

"போடு" என்று பலராமன் பேனாவை நீட்டினார்.

டெனிசன் அதை வாங்கவில்லை. "ரகு டோக்கன நான்தான் போட்டேன் சார்."

பலராமன் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"எதுக்குப் போட்டே?"

ரகு அஞ்சிய கேள்வி இதுதான். வழியெல்லாம் டெனிசன் இதற்கு விடை தேடியிருந்தான். பொய்யும் சொல்லாமல், ரகுவையும் காட்டிக்கொடாமல் சொல்லக்கூடிய உண்மை ஒன்றே ஒன்று இருந்தது. சொல்லுவதற்கு நாக்கூசும் அளவுக்கு அற்பமான உண்மை.

"பசி சார். அவன் பத்திரமா வெச்சிக்கோன்னு என்கிட்ட குடுத்திருந்தான். ஒண்ணு கொறஞ்சா படகு நிக்கும். பிரியாணி ஆறிப்பூடும்னு போட்டுட்டேன். அவன் மொதல் படகுல போயிருப்பான்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கல."

பலராமன் முகத்தைச் சுளித்தார். "ஒரு சோத்துப் பொட்டலத்துக்காகவா?" என்றார். டெனிசன் தலையசைத்தான்.

பலராமன் சுப்பராயனின் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க மேல தப்பில்ல. இவன் ஏமாத்தினது உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே?"

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். டெனிசன் அந்த ஒரு சொல்லுக்காக மனத்துக்குள் மன்றாடினான்.

"தெரியும் சார்" என்றார் சுப்பராயன். "ரெண்டு விழுந்தது என் கண்ணுல பட்டுது. எண்ணிக்கை சரியா வருதேன்னு வுட்டுட்டேன்."

நான்கு ஆண்டுகளாகத் தொழிற்சாலை வாயிலில் நடந்துவந்ததைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவில்லை. பலராமன் எரிச்சலுடன் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினார். டெனிசனுக்கு வேலைநீக்கம். சுப்பராயனுக்குச் சூப்பர்வைசர் பதவி பறிபோய், மீதி இரண்டாண்டும் சரக்கறையில் வேலை.

இருவரும் ஒன்றாகவே வாயிலைக் கடந்து வெளியே வந்தார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"உங்களக் காப்பாத்தத்தானே சார் நான் சொன்னேன். நீங்க எதுக்கு சார் ஒத்துக்கினீங்க?" என்று டெனிசன் கேட்டான்.

"நீ மட்டும் சொல்லிட்டுப் போய் நிம்மதியாத் தூங்கலாம்னு பாத்தியா?" என்றார் சுப்பராயன். சிரிக்கிறாரா, கடிந்துகொள்கிறாரா என்று அவனால் அறியக்கூடவில்லை. படப்பைப் பக்கம் போகும் பேருந்து வந்ததும் அவர் திரும்பிப் பாராமல் ஏறிக்கொண்டார்.

டெனிசன் எதிர்ச்சாரியில் போய் நின்றான். ரகுவின் காலுக்கு அன்று மருந்து வைத்துக் கட்டவேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போவதற்கு வேறு ஆள் கிடையாது. வேலை போன செய்தியை அவனிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தபடி, சிங்கப்பெருமாள் கோவில் பேருந்துக்காக அவன் காத்திருந்தான்.