சேராத மோட்டர்

சாய்ந்தமருதிலிருந்து அம்பாறை ஆசுபத்திரிக்கு மீராமுகைதீனை வாரம் இரண்டு தடவை கொண்டுபோக வேண்டும். அங்கே நாலு மணி நேரம் படுக்கவைத்து, இயந்திரத்தில் அவருடைய இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருசத்தில்தான் அவருடைய மனைவி சுல்பிகா பழைய வான் வண்டியை விற்றுவிட்டு இந்த மின்சாரக் காரை வாங்கினாள். ஓட்டுவதும் அவள்தான்.

ஒரு நாள் மாவடிப்பள்ளிக்குக் கிட்ட அது நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தும் அசையவில்லை.

"பெற்றரி நல்லா இரிக்கி ராத்தா," என்றான் கராஜ்காரன் பர்ஸான். "மோட்டருக்குள்ளதான் கரண்ட் ஒழுகுது. திருத்த ஏலா. பாவிச்ச மோட்டர் ஒண்டு எடுத்துத் தாங்க, பூட்டித் தாறன்."

கொழும்பில் ஒரு பழைய பாகக் கடையில் இருப்பதாக அறிந்து தொலைபேசியில் கேட்டாள். மோட்டரில் அடித்திருக்கும் மாடல் நம்பர்த் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார் கடைக்காரர். அன்றைக்குக் கணவருக்குக் குளிர்காய்ச்சல். கராஜுக்குப் போக முடியாமல், வாகனப் பதிவுப் புத்தகத்தின் பக்கத்தை மட்டும் அனுப்பினாள். 2012 என்று அதில் இருந்தது. அந்த வருச மோட்டரே லொறியில் கராஜுக்கு வந்து இறங்கியது.

நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். பர்ஸான் துணியால் துடைத்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது சேராது ராத்தா."

"அதே கார்தானே? அதே வருசம்தானே?"

"அந்த வருசக் கடைசியில மாடல மாத்திட்டானுகள். உங்கட கார் புது மாடல். இது பழசு. போல்ட் ஓட்டையும் வேற, வயர் பூட்டுற இடமும் வேற."

"வெட்டி ஒட்டிப் பூட்ட ஏலாதா?"

"பூட்டினாலும் காருக்குள்ள இரிக்கிற கம்பியூட்டர் இத எடுக்காது."

தொலைபேசியில் சொன்னபோது கடைக்காரர் சண்டை பிடிக்கவில்லை. "போட்டோ கேட்டன்தானே தங்கச்சி. பரவாயில்ல, திருப்பி எடுக்கிறன். ஆனா நீங்க கேக்கிறது எங்கிட்ட இல்ல. ஜப்பான்ல இருந்து கண்டெய்னர் வந்தாத்தான்."

"எப்ப வரும்?"

"அத நான் எப்படிச் சொல்ற?"

அவர் ஏசியிருந்தால் தானும் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம் என்று சுல்பிகாவுக்குத் தோன்றியது.

ஆசுபத்திரிக்கு இப்போது பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். மூன்றாவது வாரம் திருக்கோவிலிலிருந்து கோகிலன் என்பவன் கராஜுக்கு வந்தான். அவனிடமும் அதே மாடல் கார். பெற்றரி செத்துவிட்டது. சுல்பிகாவின் கார் சும்மா கிடப்பதைக் கேள்விப்பட்டு பெற்றரியை விலைக்குக் கேட்டு வந்திருந்தான்.

"உங்கட மோட்டர் எப்பிடி?" என்று பர்ஸான் கேட்டான்.

"அதுக்கு ஒரு குறையுமில்ல."

சுல்பிகா முன்னால் வந்தாள். "அத எங்களுக்குத் தாங்களன் தம்பி." கணவருடைய நிலையைச் சொன்னாள்.

கோகிலன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் இந்தக் கார்ல ஹயர் ஓடித்தான் அக்கா நாலு சீவன் சாப்பிடுது. மோட்டரக் குடுத்திட்டு நான் என்ன செய்யிற?"

அவன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டில் மீராமுகைதீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடுத்திரு," என்றார்.

"என்ன கதைக்கிறீங்க?"

"கண்டெய்னர் வருமட்டும் சும்மா கிடந்தா பெற்றரியும் பழுதாப் போகும். அந்தப் பொடியன்ட காராவது ஓடட்டும்."

"மறுகா நீங்க எப்பிடிப் போற?"

"இப்ப எப்பிடிப் போறன்?"

மூன்று நாள் அவள் அந்த நம்பரைத் தொடவில்லை. நாலாம் நாள் எடுத்துக் கதைத்தாள்.

பெற்றரியைக் கழற்றி ஏற்றியபோது கோகிலன், "ஆசுபத்திரி போற நாளில நானே வந்து ஏத்திட்டுப் போறன் அக்கா," என்றான். சொன்னபடி ஒரு தடவை வந்தான். அடுத்த தடவை ஹயர் வந்துவிட்டது என்று விடியவே சொல்லி மன்னிப்புக் கேட்டான். அதன் பிறகு அவளாகவே, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பகல் அம்பாறையிலிருந்து வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஒரு சிங்களப் பெண் எழுந்து மீராமுகைதீனுக்கு இடம் கொடுத்தாள். அவர் முன் சீற்றுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வளைவுகளில் அவர் சரிந்துவிடாமல் சுல்பிகா ஒரு கையால் அவருடைய தோளைப் பிடித்தபடி நின்றாள். காரைதீவில் இன்னும் ஆட்கள் ஏறினார்கள். "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க," என்று கண்டக்டர் கத்தினான். அவள் எங்கே போவாள்? அசையாமல் அப்படியே நின்றாள்.