கடத்தூர் கவாஸ்கர்

ரஹமத் பீவி தம்பியோடு கடத்தூர் போய் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்.

"அப்படியே கவாஸ்கர்."

வஹிதாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை அவன்.

ரஹமத் பீவி வஹிதாவின் அத்தா அப்துல் சுபானுக்கு அக்கா. நல்லம்பள்ளியில் அவருடைய டீத்தூள் கடைக்குப் பொட்டலம் மடிப்பது அவள்தான். எழுத்து படிக்க வராது. ஆனால் பழைய பேப்பரில் வரும் ஒரு படத்தையும் சும்மா விடமாட்டாள். யார் என்று வஹிதாவின் தம்பி காஜாவிடம் கேட்டுக்கொள்வாள். பிறகு அந்த ஆளைக் கொண்டுவந்து வீட்டில் யாருக்காவது மாட்டிவிடுவாள்.

சுபான் ரஷ்யத் தலைவர் பிரஷ்நேவ், புருவம் அப்படி. காஜா கபில்தேவ், பல். வஹிதாவின் அம்மா ரோஷன் பீ, இங்கிலாந்தின் தாட்சர். முகத்தில் ஒன்றும் ஒத்துப்போகாது. கைப்பையைத் தூக்கத்தில்கூட விடமாட்டாள், அவ்வளவுதான். வஹிதாவுக்கு மட்டும் யாரும் அமையவில்லை.

"உன் பேப்பர் இன்னும் வரலடி" என்பாள் ரஹமத் பீவி.

ஒரு ஆளிடம் ஒரே ஒரு சங்கதியைத்தான் அவள் எடுப்பாள். கவாஸ்கரிடம் எதை எடுத்தாள்?

"வேற எதை? ஆளு கட்டை" என்றான் காஜா.

வஹிதா ஐந்தடி எட்டங்குலம். சமையலறை நிலையில் வாரம் ஒருமுறை தலை இடிக்கும். போன வருஷம் இண்டூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு தங்கம்தான். ஆனா மாப்பிள்ளை அண்ணாந்து பாத்துத்தான் பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து விருந்தாளி வந்தால் அவள் உட்கார்ந்தே இருப்பாள். கடத்தூர் மாப்பிள்ளையின் அம்மா வந்தபோதும் அப்படித்தான் இருந்தாள். பால் பொங்கியதால் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. அந்தம்மா சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சம்மதம் என்று ஆள் அனுப்பினாள். இனி பதில் சொல்ல வேண்டியது வஹிதா. வெள்ளிக்கிழமைக்குள்.

"உயரம் எப்படிங்க அத்தா?"

சுபான் புருவத்தைத் தடவினார். "ஸ்டவ் ரிப்பேர்க் கடைம்மா. உக்காந்து செய்யற வேலை. யாருன்னு சொல்லிக்காமத்தானே போனோம், எந்திரிக்கச் சொல்ல முடியுமா?"

முதல்முறை சொல்லாமல் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை போட்டோவை ஊர் ஊராக அனுப்புவதும் கிடையாது. ஆக, மாப்பிள்ளை சலாவுதீன் எழுந்து நின்று பார்த்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை.

புதன்கிழமை வஹிதா பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாளைப் பிடித்தாள். தீர்த்தம்மாளின் அக்காவைக் கடத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். வஹிதாவின் மடியில் வீட்டு பம்ப் ஸ்டவ், துணியில் சுற்றி.

கடை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. தாழ்வான பலகையில் ஒருவன் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு ஸ்டவ்வை வைத்து அடைப்பெடுக்க ஊசிப் பின் குத்திக்கொண்டிருந்தான். முகம் லட்சணமாகத்தான் இருந்தது. கவாஸ்கரின் சாயல் துளியும் இல்லை.

அவன் எதிரே டீக்கடை முனியம்மாள் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா நாளைக்கு நாளைக்குங்கறயே, நீ நல்லா இருப்பயா?"

"சரிங்க ஆயா."

"விறகு ஊதி ஊதிக் கண்ணு அவிஞ்சு போச்சு. உங்கப்பன் இருந்தா இப்படிப் பண்ணுவானா?"

"மாட்டாருங்க ஆயா."

திட்டு அரை மணி நேரம் ஓடியது. அவன் தலையைத் தூக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, பின் குத்துவதை நிறுத்தவும் இல்லை. கடைசியில் பற்ற வைத்துக் காட்டினான். சுடர் நீலமாக நின்றது. முனியம்மாளுக்குத் திட்டு தீர்ந்துபோயிருந்தது. மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"எத்தனை பந்து போட்டாலும் அவுட்டாவ மாட்டான் போலிருக்குது" என்றாள் தீர்த்தம்மாள்.

வஹிதா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடைக்குள் போய் ஸ்டவ்வை நீட்டினாள். அவன் இரண்டு தடவை பம்ப் அடித்தான், காதை வைத்துக் கேட்டான்.

"இதுல ஒரு கோளாறும் இல்லீங்களே."

"வாஷர் மாத்தணுங்க."

"புது வாஷருங்க இது."

"பரவால்லீங்க, மாத்துங்க." அவள் மேல்தட்டைக் காட்டினாள். "அங்க இருக்கற டப்பாவுலதானுங்களே?"

மேல்தட்டு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. எழுந்தே தீர வேண்டும். அவன் பக்கத்தில் கிடந்த கொக்கிக் கம்பை எடுத்தான். உட்கார்ந்தபடியே டப்பாவைத் தட்டினான். அது சரியாக அவன் மடியில் வந்து விழுந்தது.

தீர்த்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் வாஷரை எண்ணெயில் தோய்த்துக்கொண்டே கேட்டான். "எந்த ஊருங்க?"

"இண்டூர்" என்றாள் வஹிதா.

"நல்லம்பள்ளி" என்றாள் தீர்த்தம்மாள், அதே நொடியில்.

அவன் கை ஒரு கணம் நின்றது.

அந்த நேரம் பார்த்து தர்மபுரி பஸ் புறப்பட்டது. அடுத்தது மூன்று மணிக்கு. வஹிதா சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நீளக் கால்கள். மாட்டு வண்டியைச் சுற்றி, ஒரு நிலக்கடலைக் கூடையைத் தாண்டி, ஓடும் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினாள். கண்டக்டர் விசில் அடித்தார். தீர்த்தம்மாள் வந்துசேரும்வரை பஸ் காத்திருந்தது.

சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் மடி காலியாக இருப்பது தெரிந்தது.

"ஸ்டவ்வு" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே அவன் வந்துகொண்டிருந்தான், ஸ்டவ்வோடு.

கட்டைதான். காஜா சொன்னது சரி. ஜன்னல் எட்டாமல், குதிங்காலைத் தூக்கி, இரண்டு கையாலும் ஸ்டவ்வை மேலே நீட்டினான். அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

"எங்கம்மா அன்னிக்கே சொன்னாங்க, பொண்ணு பி.டி. உஷான்னு" என்றான், மூச்சு வாங்க. "நான் நம்பலீங்க."

பஸ் நகர்ந்தது. அவன் கூடவே நாலு எட்டு நடந்தான். அண்ணாந்து பார்த்துத்தான் பேசினான். அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"இப்ப நம்பறேன்" என்றான். "இருந்த வாஷரே நல்லா இருக்குது. மாத்தலீங்க."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த சுபான், தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"என்னம்மா சொல்றே?"

"சரின்னு சொல்லி அனுப்புங்க அத்தா."

"உயரத்தைப் பத்திக் கேட்டயே?"

"உக்காந்துதானே பேசப்போறோம்."

பிரஷ்நேவின் புருவம் ஏறி இறங்கியது. தாட்சர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். கபில்தேவ் பல்லைக் காட்டினான்.

வஹிதா உள்ளே போனாள். ரஹமத் பீவி பேப்பர் கட்டுக்கு நடுவே மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, நீங்க அவருகிட்ட என்னத்தப் பாத்து கவாஸ்கர்ன்னீங்க?"

"நான் நின்ன நேரமெல்லாம் ஒரு கிழவி அவனைத் திட்டிக்கிட்டிருந்தா. அசையவே இல்லையே, பாவி." அவள் பொட்டலத்தின் விளிம்பை நகத்தால் நீவினாள். "அன்னிக்கு ரேடியோ கேட்டுட்டு, கவாஸ்கர் காலையிலிருந்து நிக்கறாருன்னு காஜா சொன்னானே, அதான். ஏன், உயரம்னு நெனச்சயா?"

வஹிதா கட்டின் மேலே இருந்த பேப்பரை எடுத்துப் புரட்டினாள். அதில் இல்லை. அடுத்ததை எடுத்தாள்.

"என்னடி தேடறே?"

"பி.டி. உஷா படம் வந்தா மடிச்சுறாதீங்க மாமி. எடுத்து வைங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். நிலையில் தலை இடித்தது.