மற்றக் கை

ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு டொக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த ஷிப்லி, வாசலோரம் கிடந்த கதிரையில் உட்காரப் போனான். உட்காரவில்லை. கதிரையையும் தள்ளிக்கொண்டு, கொடியிலிருந்து ஈரச் சாரன் நழுவுகிற மாதிரி அப்படியே தரையில் சரிந்தான். பதினேழு வயசு, வாப்பாவைவிட ஒரு சாண் உயரம், பள்ளிக்கூட அணியில் வேகப்பந்து போடுகிறவன். இவனை ஒரு ஊசி விழுத்தும் என்று யார் கண்டது! பின்னால் வந்த வாப்பா றஊப் தன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அதே ஊசியை அவரும் இப்போதுதான் போட்டிருந்தார். அவருக்கு எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்கவில்லை.

அடுத்த மாதம் மூவரும் உம்றாவுக்கு மக்கா போகிறார்கள். அதற்கு முன் போடவேண்டிய ஊசி இது. மனைவி ஜெமீலா போன கிழமையே பெண்களோடு சேர்ந்து வந்து போட்டுவிட்டாள். காலையில், பெருநாளுக்கு அறுத்த உழ்ஹிய்யா இறைச்சி ஆணத்தில் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த மகனிடம், "என்ன மகன், ஊசிக்குப் பயமா?" என்று றஊப் சீண்டியிருந்தார். "போங்க வாப்பா, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று அவனும் சிரித்தான். அந்த ஆணத்தின் மஞ்சள் அவன் விரல் நகத்தில் இன்னும் போகவில்லை. அந்தக் கைதான் இப்போது தரையில் விரிந்து கிடந்தது.

டிஸ்பென்சரியில் காத்திருந்தவர்கள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். "யா அல்லாஹ், யாருட புள்ள?" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சில்லாமை றஊபுக்கு விளங்கியது. அவருக்கு விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? இப்போதெல்லாம் சாய்ந்தமருதில் ஒரு வாலிபப் பிள்ளை சும்மா விழுந்தால், தலை சுற்றிக் கிறுதி வந்திருக்கும், வெயில் பட்டிருக்கும் என்று ஒருவரும் முதலில் நினைப்பதில்லை. ஐஸ், தூள் என்று போதைப் பக்கம்தான் நினைப்பு ஓடும். அந்த நினைப்பை ஊருக்குள் ஓடவிட்டவர்களில் றஊபும் ஒருவர். ஹாட்வெயார் கடையை மகரிப் தொழுகையோடு சாத்திவிட்டு, போதை ஒழிப்புக் குழுவோடு அவர் வீடு வீடாகப் போனார். "உங்கட புள்ளையக் கவனிங்க. மெலியிறானா, கதைக்காம இரிக்கானா, சும்மா சும்மா விழுறானா, பாருங்க" என்று தொண்டை கட்டும் வரைக்கும் சொன்னார்.

மூலையில் றபீக்கா உட்கார்ந்திருந்தாள். பிரஷருக்கு மருந்து எடுக்க வந்தவள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் றஊபும் குழுவில் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மகன் ஹாதிக் பள்ளிக்கூடம் போகாமல் படுத்தே கிடக்கிறான் என்று யாரோ சொன்ன கதைதான். பையனை மண்டப லைட்டுக்குக் கீழே நிறுத்தி, இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்த இழவு எந்த வழியால் உடம்புக்குள் போகிறது என்று றஊபுக்குச் சரியாகத் தெரியாது. கையைப் பார்க்கவேண்டும் என்று கூட்டத்தில் சொன்னார்கள், பார்த்தார். ஒன்றுமில்லை, காய்ச்சல். "அல்ஹம்துலில்லாஹ்" என்றுவிட்டு, றபீக்கா ஊற்றித் தந்த பிளேன்டியையும் குடித்துவிட்டு வந்தார்கள். மாப்புக் கேட்கவேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"என்ன நடந்த காக்கா?" என்று பக்கத்திலிருந்த ஆள் கேட்டார்.

"நோம்பு" என்றார் றஊப். "புள்ள நோம்பு."

எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. நோன்பு பிடிக்கிற பிள்ளையை யார் சந்தேகிப்பார்கள்? ஊர் வாயை மூட அதைவிட நல்ல மூடி ஏது? ஆனால் கேட்டவர் தலையாட்டவில்லை, நெற்றியைச் சுருக்கினார். றபீக்காதான் மெதுவாகச் சொன்னாள்.

"இண்டைக்கா காக்கா? ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சி ரெண்டாம் நாள்தானே. நோம்பு பிடிக்கக் கூடாதே."

ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வருகிற மூன்று நாளும் நோன்பு ஹறாம் என்று ஓதல் பள்ளிக்குப் போகிற சின்னப் பிள்ளையும் சொல்லும். றஊபுக்கு முகத்தில் சூடு ஏறியது. மகன் கிடக்கிறான், இங்கே நான் நின்று எதைச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்? தூ, என்ன மனுசன் நான் என்று இருந்தது. சட்டென்று முழங்காலில் இருந்து அவன் தலையைத் தொட்டார். நெற்றி சில்லிட்டு வேர்த்திருந்தது.

டொக்டர் யதுசா வெளியே வந்தா. வயது குறைந்த பொம்பிளை டொக்டர், பதறவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கால உயர்த்தி வைங்க. ஒண்டுமில்ல, பயப்படாதீங்க. இந்த வயசுப் பிள்ளையளுக்கு ஊசி போட்டா சிலவேளை இப்பிடி வாறதுதான்" என்றா.

காலை உயர்த்தியது றபீக்கா. விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி இழுத்து, அவன் இரண்டு காலையும் தூக்கி அதில் வைத்தாள். அப்போது றஊப் என்ன செய்துகொண்டிருந்தார்? மகனின் இடது கையைப் பிடித்திருந்தார். ஊசிக்காகத் தோள்வரை சுருட்டியிருந்த கை. அதை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முழங்கை மடிப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை நரம்பு ஓடியது. மைதானத்தில் விழுந்து உரசிய பழைய தழும்பு ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை. நிமிர்ந்தபோது றபீக்கா அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நல்லாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கோபம் இல்லை.

கீழே பார்த்தார். ஷிப்லியின் கண் திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. அவன் வாப்பாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். றஊப் கையை விட்டார்.

நேர்ஸ் சீனி கூடப் போட்ட பிளேன்டி கொண்டுவந்தாள். ஷிப்லி எழும்பி உட்கார்ந்து, கோப்பையை வாங்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடி மனே" என்றாள் றபீக்கா. "நோம்பு ஒண்டுமில்ல."

அவன் குடித்தான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னா டொக்டர். வாப்பாவும் மகனும் சுவரோரக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். றபீக்காவின் முறை வர இன்னும் ஆட்கள் இருந்தார்கள், அவள் எதிரே இருந்தாள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. றஊபுக்குத் தலைக்குள் ஒன்றும் சீராக நிற்கவில்லை. கையில் ஒன்றுமில்லை என்று கண்டதும் நெஞ்சுப் பாரம் இறங்கியதே, அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது? சந்தேகமே இல்லாதவனுக்கு நிம்மதி எதற்கு? என்ர புள்ள தங்கம் என்று கடைக்கு வருகிறவனிடமெல்லாம் சொன்னது யார், கையைத் திருப்பிப் பார்த்தது யார்? இரண்டும் தான்தானா? இவ்வளவு குழப்பத்துக்குள்ளும், வேண்டாம் வேண்டாம் என்றாலும், கீழறையில் எலி சுரண்டுகிற மாதிரி ஒன்று மட்டும் விடாமல் சுரண்டிக்கொண்டே இருந்தது. பார்த்தது இடது கையை. பெருநாளுக்கு எடுத்த முழுக்கைச் சட்டை. வலது கையின் பொத்தான் மணிக்கட்டுவரை பூட்டியிருந்தது. இந்த வெயிலில் எதற்கு?

அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"வாப்பா."

"என்ன மகன்? கிறுதி இன்னும் இரிக்கா?"

"இல்ல." அவன் வெற்றுக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தான். "ஹாதிக்குட கையையும் இப்பிடித்தானா பாத்தீங்க?"

றஊப் எதிரே பார்க்கவில்லை. "டொக்டர் நாடி பாக்கச் சொன்னா..." என்று தொடங்கினார். இன்றைக்கு இது இரண்டாவது பொய். பாதியிலேயே அது வாய்க்குள் உலர்ந்துபோனது.

ஷிப்லி வலது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினான். ஒரு தடவையில் கழலவில்லை. புதுச் சட்டை, கஞ்சி மொடமொடப்புப் போகாத துணி. அதை மடித்து மடித்து முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, கையைத் திருப்பி, உள்பக்கம் மேலே தெரிய வாப்பாவின் மடிக்கு நேராக நீட்டினான்.

"இந்தக் கையையும் பாருங்க."

எதிரே றபீக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டேய், மடக்குடா கையை என்று அதட்டவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கையை அப்படியே பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவேண்டும், எதையாவது செய்யவேண்டும் என்று றஊபுக்கு இருந்தது. யன்னல் வெளிச்சம் அந்தக் கைக்கு மேலேதான் விழுந்தது. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். கண் போய்விட்டது. மகன், நீட்டிய கையை மடக்கவில்லை. நகத்தில் காலையில் தின்ற ஆணத்தின் மஞ்சள் அப்படியே இருந்தது.