ஒரு தடவை போதும்

உலகத்தில் இதுவரை நடந்த எல்லாச் சண்டைகளுக்கும் காரணம், ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கும் லிஃப்ட் பொத்தானை இன்னொரு தடவை அழுத்துகிற புத்திதான். இது என் அப்பாவின் ஆராய்ச்சி முடிவு. முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, மனிதர்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து எட்டிய முடிவு என்பதால் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசினால் விளக்கம் சொல்வார்.

"பொத்தான் எரியுது. அப்படின்னா என்ன? நீ சொன்னது அதுக்குக் கேட்டுடுச்சு. கேட்டவன்கிட்டயே போய் மறுபடி மறுபடி சொன்னா கோவம் வருமா வராதா?"

"லிஃப்டுக்குக் கோவம் வருமாப்பா?"

"லிஃப்டுக்கு வராது. எனக்கு வரும்."

அவர் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே பெருங்குடலில் கட்டி இருப்பது தெரிந்தது. வழியனுப்பு விழாவில் கொடுத்த சுவர்க்கடிகாரத்துக்கு ஆணி அடிப்பதற்குள் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். ஒரு அடி குடலை வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டினாலும் கொட்டும் என்று எச்சரித்தார்கள். அந்தத் துறையில் அப்பாவிடம் இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதால், அங்கே மட்டும் புற்றுநோய் முதல் சுற்றிலேயே தோற்றது.

உடம்பு தேறியதும் அவருடைய உண்மையான ஓய்வு வாழ்க்கை தொடங்கியது. காலை எட்டு மணிக்கு எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். செய்தித்தாளை விரித்துப் பிடித்திருப்பார். கண் மட்டும் தாளுக்கு மேலே இருக்கும். யார் எத்தனை தடவை அழுத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. பொத்தானுக்கு மேலே தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: 'ஒரு தடவை போதும்.' மறுநாள் அதற்குக் கீழே யாரோ பென்சிலால், 'சரி சரி சரி சரி' என்று எழுதியிருந்தார்கள்.

எழுதியது யார் என்று அப்பாவுக்குத் தெரியும். இரண்டாம் மாடி டீச்சர். அவரும் ஓய்வு பெற்றவர். தினமும் காய்கறிப் பையோடு வந்து, அப்பாவை நேருக்கு நேர் பார்த்தபடியே பொத்தானைப் பதினோரு தடவை அழுத்துவார். நிதானமாக, வருகைப்பதிவு எடுப்பதுபோல.

"என்ன சார், உங்க மிஷின் எம்மேல கோச்சுக்கிச்சா?"

"உங்க கிளாஸ்ல உக்காந்த பிள்ளைங்களை நெனச்சாதான் பாவமா இருக்கு டீச்சர். ஒவ்வொண்ணையும் பதினோரு தடவ கேட்டிருக்கும்."

"அதான் எல்லாரும் பாஸ்."

இரண்டாம் மாடிக்கு அவர் படியேறியே போகலாம். அப்பா ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போகிற நாட்களில் மட்டும் அப்படித்தான் போகிறார் என்று வாட்ச்மேன் என்னிடம் சொன்னார். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சண்டை கெட்டுவிடும்.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பரிசோதனை அட்டை உண்டு. தேதி, குறை, கையெழுத்து, அடுத்த பரிசோதனை என்று நாலு கட்டம் இருக்கும். வேலை செய்த காலத்தில் மிச்சமான ஒரு அட்டையை எடுத்து, மேலே தன் பெயரை எழுதி, அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் அதை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நீட்டுவார். முதல் தடவை அவர் சிரித்தார். இரண்டாம் தடவை அவரே கேட்டு வாங்கினார். இப்போது 'குறை' கட்டத்தில் வரிசையாக ஒன்பது 'இல்லை' இருக்கிறது.

பத்தாவது, இந்தப் புதன்கிழமை. அதோடு ஐந்து வருடம் முடிகிறது. அதுவும் 'இல்லை' என்றால் அந்த ஆஸ்பத்திரிக்கு இனி போகவே வேண்டாம். இருக்கிறது என்றால் வெட்டு, ஊசி, வாந்தி என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அப்பா பயந்திருந்தார் என்று நான் சொன்னால் அடிக்க வருவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். திங்கள்கிழமை எதிர்வீட்டுக் கதவுக்கும் போட்டார். செவ்வாய்க்கிழமை டீச்சர் வீட்டுக் கதவுக்கும் போட்டுவிட்டு வந்தார். அவரும் ஒன்றும் கேட்காமல் திறந்துவிட்டாராம்.

அம்மாவுக்குத் தனிச் சட்டம். ஐந்து வருடத்துக்கு முன் முதல் ரிப்போர்ட் சொன்னபோது அம்மா அறைக்குள் இருந்தார். "நான் உள்ள வந்தேன், கெட்டதைச் சொன்னாங்க. இனிமே நான் வரல" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். போனில் சொல்லக்கூடாது. என்னிடம் சொல்லி அனுப்பக்கூடாது. கதவு திறக்க வேண்டும், அப்பாவின் முகத்தை அவரே பார்க்க வேண்டும்.

"போன்ல இவர் எப்படி வேணாலும் புளுகுவார்டா. மூஞ்சியில புளுகத் தெரியாது."

புதன்கிழமை அம்மாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு லிஃப்டுக்கு நின்றோம். ஏழாவது மாடிக்குப் போக வேண்டும். இரண்டு லிஃப்டில் ஒன்றின்மேல் 'பழுது' என்று பலகை தொங்கியது. டை கட்டிய ஒருவர் வேகமாக வந்து, எரிகிற பொத்தானை நாலு தடவை குத்தினார்.

"சார், அதுக்குக் காது நல்லா கேக்கும்" என்றார் அப்பா.

"அவசரம் சார்."

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும்தான் அவசரம். குத்தினா கீழ வருமா? வராது. உங்க விரல்தான் வலிக்கும். முப்பத்து நாலு வருஷமா சொல்றேன், மனுஷன் திருந்த மாட்டேங்கிறான்."

டை கட்டியவர் படிக்கட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அறையில் டாக்டரம்மா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அட்டையை மேசைமேல் வைத்து, அதன் விளிம்பை மேசை விளிம்போடு நேராக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம் நேராக்கினார். டாக்டரம்மா அட்டையை இழுத்து எழுதினார். தலைகீழாக இருந்தும் எனக்கு வாசிக்க முடிந்தது. 'இல்லை.'

'அடுத்த பரிசோதனை' என்ற கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

"கோடு போட்டா செல்லாதுங்க டாக்டர்" என்றார் அப்பா. கோட்டின்மேல் விரலை வைத்தார். "கட்டத்தைக் காலியா விடக்கூடாது. இன்ஸ்பெக்டர் கேப்பாரு."

"எந்த இன்ஸ்பெக்டர்?"

"கீழ உக்காந்திருக்கா."

டாக்டரம்மா கோட்டுக்கு மேல் 'தேவையில்லை' என்று தெளிவாக எழுதி, தேதி போட்டு, சீலும் குத்தினார். "இனிமே எல்லாரையும் மாதிரி வயசுக்கேத்த செக்கப் போதும். இங்க வராதீங்க. உங்களைப் பாக்கணும்னு தோணுச்சுன்னா எங்க லிஃப்டு ரிப்பேர்னு கூப்பிடுறேன்."

"இப்பவே ஒண்ணு ரிப்பேராத்தான் நிக்குது."

"தெரியும். போய்ட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன். போங்க!"

வெளியே வந்தோம். அப்பா நேராக லிஃப்டுக்குப் போய் பொத்தானை அழுத்தினார், ஒரு தடவை. பொத்தான் எரிந்தது. மேலே எண் பலகையில் '3' என்று காட்டியது.

"நான் படியில ஓடிப்போய்ச் சொல்லிடட்டுமாப்பா?"

"உதைப்பேன். அவ என் மூஞ்சியத்தான் பாக்கணும்."

"நீங்களும் படியிலயே இறங்கலாமே."

"எப்பவும் லிஃப்டுல வர்றவன் படியில வந்தா அவ என்னடா நெனப்பா? கதவு திறக்கும்போதே தெரியணும்." பலகையைப் பார்த்தார். "ஸ்ட்ரெச்சர் ஏத்துறாங்க. முப்பது செகண்டு ஆகும்."

முப்பது செகண்டு ஆனது. '3'. இன்னொரு முப்பதும் ஆனது. '3'. அப்பா அட்டையை எடுத்துப் பார்த்தார், பைக்குள் வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றுகொண்டு, போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. கீழே போய்ச் சேரும்வரை அதைக் கட்டிக் காப்பாற்ற வேண்டும் என்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டார்.

'3'.

இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் திரும்பிக்கொண்டு, சுவரில் இருந்த தீ விபத்து எச்சரிக்கையை வாசிக்கத் தொடங்கினேன். நல்ல நடையில் எழுதியிருந்தார்கள். முதல் பத்தி முடிவதற்குள் முதுகுப் பக்கம் மெல்ல ஒரு 'டக்' கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை.

எண்ணக்கூடாது என்றுதான் இருந்தேன். பதினொன்று.

பன்னிரண்டாவதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.