ஒரிஜினல் மாதிரியே

அந்த ரசிகர் வட்டத்தில் மொத்தம் நாலு பேர். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர். வெறும் உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. டைல்ஸ் கடையின் மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். ஊரறிந்த பாப், ராக் பாட்டுகளை வேறு யாராவது பாடிய கவர்களாக மட்டுமே கேட்பார்கள். ஒரிஜினலைக் கேட்பவர்கள் அவர்கள் கணக்கில் இன்னும் பால்புட்டியை விடாதவர்கள்.

தலைவர் ஆடிட்டர். "ஒரு சட்டை எப்படித் தைச்சிருக்குன்னு, அதை இன்னொருத்தன் போடும்போதுதான் தெரியும்" என்பது அவர் அருளிய பொன்மொழி. பாட்டு முடிந்ததும் அவர் தலையசைத்தால் பாஸ்; மூக்கைச் சொறிந்தால் ஃபெயில். மற்ற மூவரும் பாட்டைக் கவனித்ததைவிட அந்த மூக்கைக் கவனித்ததுதான் அதிகம்.

தலைவர் தன் மகள் முதன்முதலில் மேடையேறிப் பாடியபோது மூக்குக்கு வேலையே வைக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் வாயாலேயே சொன்னார்: "நல்ல ஜெராக்ஸ்." கைதட்டலை முந்திக்கொண்டு சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு அவள் அப்பா இருக்கும் வீட்டில் முணுமுணுத்ததுகூட இல்லை.

இப்போது ஆடிட்டருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து பேசினால் பேச்சு பிடிபடும். பாட்டு என்றால் தகரக் கூரையில் கல் உருள்கிற சத்தம்தான். ஆனால் தெரிந்த பாட்டு மட்டும், என்ன மாயமோ, முழுசாகக் கேட்டது.

காது டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். "அது கேக்கறது இல்ல சார், ஞாபகம். நாலு சத்தம் உள்ள போனா போதும், மிச்சத்தை மூளையே பழைய சரக்குல இருந்து எடுத்துப் போட்டுக்கும்."

அதாவது, யார் எப்படி மாற்றிப் பாடினாலும் அவருக்கு விழுவது ஒரிஜினல்தான். கவர் வட்டத்தின் தலைவருக்கு விதி வைத்த வேட்டு! காது மிஷின் ஒன்று வாங்கி, பீரோவில் காலுறைக்குள் ஒளித்து வைத்தார். வழக்கம்போலக் கண்ணை மூடித் தலையசைத்து வந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"சாதா ஜனங்களுக்கு கவர் போட்டுக் காட்டறது செவிடன் காதுல ஊதின சங்குதான், இல்ல தலைவரே?" என்றார் பொருளாளரான மருந்துக்கடைக்காரர். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தலைவர்தான்.

ஒரு மதியம் மகள் வந்தாள். சாப்பாட்டு மேசையில் குட்டி ஸ்பீக்கரை வைத்தாள்.

"அந்த ரயில் பாட்டுப்பா. நான் என் இஷ்டத்துக்கு மாத்திப் பண்ணியிருக்கேன். இன்னும் யாருக்கும் போட்டுக் காட்டல."

அவள் சின்ன வயசில் அவர் இதே மேசையில் கரண்டியால் தட்டிக் காட்டிய ராக் பாட்டு. ஸ்பீக்கரை முடுக்கினாள். அவர் கண்ணை மூடினார். இடி மாதிரி டிரம், கிடார், அப்புறம் உலகமறிந்த அந்தக் கரகரத்த ஆண்குரல். குரலை விலக்கிவிட்டு உள்ளே மகளைத் தேடினார். அவள் இல்லை. கண்ணைத் திறந்தால், நகத்தைக் கடித்தபடி அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம்மா" என்றார் அவசரமாக. வெறும் பாராட்டை அவள் நம்பமாட்டாளே! "முக்கியமா அந்த டிரம் ஆரம்பிக்கிற இடம். பாட்டே அதுல நிக்குது."

"டிரம்மா?"

"ஆமா. ஒரிஜினல் மாதிரியே..."

"இதுல டிரம்மே இல்லப்பா. நானும் ஒரு பியானோவும்தான்."

அவள் ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

"அன்னிக்கு ஜெராக்ஸ்னாவது சொன்னீங்க. அப்படிச் சொல்றதுக்காவது என் பாட்டை கவனிச்சிருந்தீங்க."

ஒரே ஒரு வாக்கியம் போதும்: எனக்குக் காது போச்சும்மா. அது தொண்டை வரை வந்தது. அங்கே தலைவர் வழிமறித்து உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கை தானாக மூக்குக்குப் போனது.

"சரிப்பா, புரியுது" என்றாள். ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டாள். "பாட்டை உங்க ஃபோனுக்கு அனுப்பியிருக்கேன். வேணாம்னா அழிச்சிடுங்க."

அவள் கதவைச் சாத்தியது அவருக்குக் கேட்கவில்லை, பார்த்தார்.

பீரோவைத் திறந்து காலுறையை உதறி மிஷினை மாட்டிக்கொண்டு, ஃபோனில் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தார். டிரம், கிடார், கரகரத்த ஆள். மறுபடி வைத்தார். அதே ஆள். ஃபோனைத் தாடையோடு அழுத்திப் பார்த்தார். கடைசியில் அதன் முதுகில் விரல்களைப் பதித்துக் காத்திருந்தார். விரல்களுக்கு மெல்லிய நடுக்கம் ஒன்று தெரிந்தது. அதில் எங்கேயும் டிரம் இல்லை. தலைக்குள்தான் அது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.