முன் சீட்டு

ஓதில் ஈரப் பஞ்சைத் தம்பியின் உதட்டில் ஒற்றி எடுத்தாள். ரெஜிஸ் கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"உனக்கு அஞ்சு மணிக்கு ரயில் இல்ல?"

"அது போகட்டும்டா."

"கடை?"

"பூட்டியாச்சு."

அவன் நம்பாதவன் போல் பார்த்தான். லிமோஜில் அவளுடைய சலவைக் கடை ஞாயிறு தவிர மூடியதில்லை. அவன் இங்கே போர்தோவில் முப்பது வருடம் சுற்றுலாப் பேருந்து ஓட்டினான். எங்கெங்கிருந்தோ வந்தவர்களை எல்லாம் ஒயின் ஊர்களுக்கு ஏற்றிப் போனான். புது வருடம் பிறந்தால் கூப்பிடுவான்: "இந்த வருஷமாச்சும் வாக்கா, முன் சீட்டு உனக்குத்தான்." வருகிறேன் என்பாள். கடைசியில் வந்தது முந்தாநாள்தான், நேராக மருத்துவமனைக்கு. நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, நாள் கணக்குத்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகு.

"ஊரைப் பாத்தியா?"

"டாக்ஸிலேர்ந்து ஆறு தெரிஞ்சுது. ஒரே சேறு."

"கரோன் ஆறு அப்படித்தான். அது மண்ணுக்கா, அழுக்கில்ல." மூச்சு வாங்கினான். "பெல்ட் போட்டுக்க. கெளம்பலாம்."

ஓதிலுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நாற்காலியைத் திருப்பி, அவன் பார்த்த திசையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கல்பாலம் தாண்டியாச்சு. லிபூர்ன் வரைக்கும் பாக்க ஒண்ணும் இல்ல, தூங்கறவங்க தூங்கலாம்."

மருந்துப் பையை மாற்ற வந்த நர்ஸ் மைத்தே அப்படியே நின்றாள். "நான் இந்த ஊர்க்காரிதான். அங்கெல்லாம் போனதே இல்ல."

"பின் சீட்டுல ஏறு. சத்தம் போடக் கூடாது."

மைத்தே கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டாள்.

"இப்ப ரெண்டு பக்கமும் திராட்சைக் கொடி. ஒவ்வொரு வரிசைக்கும் தலைமாட்டுல ஒரு ரோஜாச் செடி. அக்டோபர்ல இலை செம்பு நெறமா மாறிடும்."

"அங்க ஒயின் எப்படிடா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? ஓட்டறவன் குடிக்கலாமா? அவங்க உள்ள போவாங்க, நான் வண்டியில குறுக்கெழுத்துப் போடுவேன்."

"ரிட்டயர் ஆனப்பறம்?"

"ஒரு தடவை குடிச்சேன். புளிச்சுது. வெளிய சொல்லிடாத."

ஓதில் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. மைத்தே இருவரையும் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் வெளியே போனாள்.

ரெஜிஸ் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது.

"வந்தாச்சுக்கா. எல்லாரும் எறங்கியாச்சு. நீயும் போய்ப் பாத்துட்டு வா."

"நான் எங்கயும் போகல."

"போக்கா. அரை மணி நிக்கும். நான் வண்டியிலயே இருக்கேன்."

சின்ன வயதில் அழுகை நின்ற பிறகுதான் அவன் அவள் கையை விடுவான். இவ்வளவு நேரம் பிடித்திருந்த கையை இப்போது தானாகவே விட்டுவிட்டான்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு நடையின் கோடிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் தீயணைப்பு விதிகள் ஒட்டியிருந்தன. அவற்றை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்; மைத்தே அறைக்குள் போன பிறகு மறுபடியும் படித்தாள்.

அறைக் கதவு திறந்தது. மைத்தே வெளியே வந்து கதவை மெல்லச் சாத்திவிட்டு, அவளை நோக்கி அவசரமில்லாமல் நடந்து வந்தாள்.

ஓதில் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு உட்கார இடம் விட்டாள்.