சீசாவில் நான் ஊற்றியது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. பெயர் கெட்டது என் மகள் பேச்சாயிக்கு.

‘திண்டுக்கல்லில் மானத்துக்குப் பேர்போன எங்கள் குடும்பத்தில்…’

(அடித்துவிட்டேன். அப்படித் தொடங்க எனக்கு இனி உரிமையில்லை.)

2

1964. பேச்சாயி கல்லூரியில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பல் பிடுங்குமுன் மரத்துப்போகப் போடும் ஊசி மருந்து, உயிரணுவின் சவ்வைத் தாண்டிக் கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்து வெளியேறுவதைத் தடுக்கிறதா? இதுதான் அவள் கேள்வி. சுண்ணாம்புச் சத்தே இல்லாத நீர் இரண்டு சீசா. ஒன்றில் மட்டும் மருந்து. இரண்டிலும் தவளைத் தசையை ஊறவைத்து, நீரில் எவ்வளவு சுண்ணாம்பு இறங்கியது என்று அளப்பாள். மருந்துச் சீசாவில் எப்போதும் குறைவு.

(எனக்குப் புரிந்தது இவ்வளவே.)

3

விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டியதால், கலந்து வைத்த சீசாக்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அவற்றை எடுத்து மறைத்தேன். மருந்துச் சீசா கவிழ்ந்து பாதி கொட்டிவிட்டது. அப்போது நான்

(மூன்று முறை இங்கேயே நின்றுவிட்டேன்.)

எங்கள் கிணற்று நீரை ஊற்றி நிரப்பினேன். பானையில் சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காகப் படியும் நீர். ஊரே கேட்டு வாங்கிக் குடிக்கும் நீருக்கு என்ன குறை என்று நினைத்தேன்.

“சீசாவத் தொட்டீகளாப்பா?”

“ஒன் தவளத் தண்ணிய நான் எதுக்குத்தா தொடுறேன்? எனக்கு வேற சோலி இல்லையாக்கும்?”

“அதான, தொட்டா தலை முழுகணும்பீகளே!” என்று சிரித்தாள்.

4

அந்த முறை பேராசிரியர் கஸ்பார் தாமே அளந்து பார்த்தார்; மருந்துச் சீசாவில்தான் சுண்ணாம்பு அதிகம். அவர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்தார்.

“முன்ன குடுத்த அளவெல்லாம் இட்டுக்கட்டுனதுங்கய்யா. ஒத்துக்கிட மாட்டேங்குது ஒங்க பொண்ணு.”

“எங்க வீட்டுப் பொண்ணு பொய் சொல்லாது” என்றேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு. அவளை நீக்கிவிட்டார்கள்.

5

முடிவு ஒன்று: தகப்பன் பஸ் ஏறி, சேவுகம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் உண்மையைச் சொல்கிறான்.

(நான்கு ஆண்டுகளாகியும் ஏறவில்லை.)

முடிவு இரண்டு: மகள் தானே கண்டுபிடிக்கிறாள்.

(எப்படி? என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.)

போன மாதம் வந்திருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

“ஒருவேள நானே தப்பா அளந்து எழுதிட்டேனோப்பா?”

“இன்னுங் கொஞ்சம் வெஞ்சனம் வச்சுக்கத்தா” என்றேன்.

வாசகரே, உங்களில் யாராவது சேவுகம்பட்டிப் பக்கம் போனால் இந்தத் தாள்களை அவளிடம் கொடுங்கள். முடிவை அவள் எழுதட்டும். உண்மைதானா என்று என்னிடம் கேட்டுவர அனுப்பாதீர்கள். முகத்துக்கு நேரே கேட்டால், நான் இல்லையென்றுதான் சொல்வேன்.